எட்டுக் கிணறுகள்

எட்டு என்று எண்ணி முடித்ததும், தான்தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று குழல்வாய்மொழிக்குத் தோன்றியது. கண்புரை எடுத்து நாலு மாதம்கூட ஆகவில்லை, இடது கண் இன்னும் சில நேரம் ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறது, காலையில் செய்தித்தாள் படிக்கும்போதும் அப்படித்தான், செத்தவர் பெயரோடு வேறு யாருடைய ஊரோ ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு இந்தத் தடவை கீழிருந்து மேலே எண்ணினாள். எட்டு, ஏழு, ஆறு, அப்படியே ஏறி ஒன்றில் போய் நின்றது. திரையில் இருந்தது கிணற்றுத் தண்ணீர் மாதிரிகளின் அட்டவணை, இருபத்து மூன்றாவது ஸ்லைடு. அதற்கு முன்னால் பச்சைக் கரை போட்ட மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் ஜெபக்கனி நின்றுகொண்டு சிவப்பு ஒளிப்புள்ளியை வரி வரியாக நகர்த்திக்கொண்டிருந்தாள். இன்று அவளுடைய வாய்மொழித் தேர்வு. ஆறு வருஷ ஆராய்ச்சியை நாலு பேர் முன்னால் சொல்லி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் டாக்டர் ஜெபக்கனி ஆகிவிட வேண்டியவள். நெறியாளர் என்ற முறையில் மேடையில் உட்கார்ந்து தேர்வை நடத்துகிறவள் குழல்வாய்மொழி, கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான். பதினொன்று இருக்க வேண்டும். பதினொரு கிணறு. அவளே கூடப் போய் மொண்ட தண்ணீர். கருங்கள்ளிப்பேரியில் சித்திரை வெயிலில் குடையைப் பிடிப்பதா பாட்டிலைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டு பேரும் வரப்பில் தடுமாறி நடந்தது, வாளிக் கயிறு உள்ளங்கையைக் கிழித்தது, ஒவ்வொரு பாட்டிலிலும் சொட்டு அமிலம் விட்டு மூடி எண் எழுதி ஒட்டியது. பதினொன்று வரைக்கும் எழுதியது ஜெபக்கனியின் கையெழுத்து, அந்த ஏழு மட்டும் எப்போதும் ஒன்று மாதிரி இருக்கும், திட்டியிருக்கிறாள். எட்டோடு எப்படி முடியும்? அடுத்த ஸ்லைடில் மிச்சம் வருமாக இருக்கும். ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டாகப் பிரித்திருப்பாள். அப்படித்தான் இருக்கும். ஜெபக்கனி பொத்தானை அழுத்தினாள். அடுத்த ஸ்லைடு வந்தது. மண் மாதிரிகள். கிணறுகள் முடிந்துவிட்டன.

மேஜைமேல் நீலக் காலிகோத் துணி அட்டை போட்ட ஆய்வேடு இருந்தது. அதைத் திறப்பதற்கு ஏன் இவ்வளவு நேரமாகிறது, விரல் ஏன் அட்டையின் ஓரத்திலேயே நிற்கிறது என்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு நாலாம் அத்தியாயத்தைப் பிரித்தாள். எட்டுக் கிணறு. படத்தில் எட்டுப் புள்ளி. கம்பெனியின் சுவரை ஒட்டி மூன்று புள்ளி இருந்த இடத்தில் வெறும் காகிதம், வெள்ளையாக, அங்கே கிணறும் இல்லை ஊரும் இல்லை என்பது போல. அத்தியாயத்தின் கடைசி வரி: எல்லா மாதிரிகளிலும் குரோமியம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. எல்லா மாதிரிகளிலும். இதைக் குழல்வாய்மொழி எழுதவில்லை. ஜெபக்கனியும் எழுதியிருக்க முடியாது, அந்தப் பெண்ணுக்கு 'எல்லா' என்று எழுத வராது, எதைக் கேட்டாலும் பெரும்பாலும், ஏறக்குறைய என்றுதான் ஆரம்பிப்பாள். முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். எனது மேற்பார்வையில் நடந்த ஆய்வு, திருத்தங்கள் சரிபார்க்கப்பட்டன. கீழே தன் கையெழுத்து. கொஞ்சம் கோணலாக, வால் நீண்டு. ஆனால் தன்னுடையதுதான். யாரும் போலியாகப் போட்டதில்லை. நெஞ்சுக்குள் என்னவோ படியிறங்குகிற மாதிரி இருந்தது, அடுத்த படி இருக்கிறதென்று காலை வைத்து, இல்லாமல் போகிற மாதிரி.

இடது பக்கத்தில் புறத்தேர்வாளர் நைனா முகமது உட்கார்ந்திருந்தார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து காலை ரயிலில் வந்தவர், வெள்ளை அரைக்கைச் சட்டை, எதையும் ஒல்லியான பென்சிலால் குறித்துக்கொள்கிற மனிதர். அவரிடம் சொல்லலாமா? என்ன சொல்வது, சார் மூன்று கிணற்றைக் காணோம் என்றா? சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, இந்த நேரத்தில் சிரிப்பு வருமா, பயத்திலும் வரும் போலிருக்கிறது. வலது பக்கம் டீன் செண்பகராமன். ஆராய்ச்சிக்கும் தொழிற்சாலைத் தொடர்புக்கும் சேர்த்து ஒரே டீன், முன்பெல்லாம் ஆராய்ச்சிக்கு மட்டும்தான் டீன் இருந்தார். கீழே முதல் வரிசையில் வெளிர்நீலச் சட்டையில் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஜெபக்கனி சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். கிணறுகளை ஒட்டிச் சுவர் வைத்திருக்கிற அந்தக் கம்பெனி, நீலோற்பலா கெமிக்கல்ஸிலிருந்து வந்தவர். எதற்கு வந்திருக்கிறார் என்று காலையில் அவளுக்குத் தோன்றவே இல்லையே, அதுதான் இப்போது திகைப்பாக இருந்தது. வணக்கம் சொன்னார், வணக்கம் சொன்னாள், காபி சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்டாள். அவர் வீட்டு விசேஷத்தில் அவர் இருப்பது போல இருந்தது. அவர் வீடுதானே. அரங்கத்து வாசலில் நீலோற்பலா அரங்கம் என்று பித்தளை எழுத்து. தண்ணீர் பாட்டிலைச் சுற்றி அவர்கள் பெயர். ஜெபக்கனியின் ஒவ்வொரு ஸ்லைடின் கீழ்மூலையிலும் பல்கலைக்கழக முத்திரைக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு நீலப் பூ, அது எப்போது வந்து உட்கார்ந்தது? துணைவேந்தர் ஒரு கூட்டத்தில், இனி அவர்களை நன்கொடையாளர் என்று சொல்லக்கூடாது, பங்காளிகள் என்று சொல்லுங்கள் என்றார். பின்வரிசையில் தமிழ்த்துறைக்காரர் ஒருவர், எங்க ஊர்ல பங்காளின்னா வெட்டிக்கிறவன் சார் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த வருஷம் தமிழ்த்துறையின் மேல்மாடி திறன் பயிற்சி மையமானது. அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குக் கீழேயே அறை கிடைத்துவிட்டதே என்றுதான் பேசிக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் பேசினாள்.

யாரைச் சொல்வது. கடிதம் எழுதினது யார்? தண்ணீரில் கோடியில் ஒரு பங்கு உலோகம் இருந்தாலும் காட்டிக் கொடுக்கிற கருவி, சென்னைக்கு மாதிரிகளை அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்துக் கிடந்த காலத்தில், அந்தக் கருவி ஒன்று நம் துறைக்கு வேண்டும் என்று நீலோற்பலாவுக்குத் தன் கையாலேயே எழுதினாள். வந்தது. பெட்டியைப் பிரித்த அன்று துறை முழுக்க லட்டு. மாலை போட்டு, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, விஞ்ஞானிகள் நாம் என்ன பண்ணுகிறோம் என்று கேலி பேசிக்கொண்டே கற்பூரம் காட்டினார்கள். ஒப்பந்தத்தில் பதினான்கு ஷரத்து. பதினொன்றாவது: இக்கருவியால் பெறப்படும் முடிவுகள் வெளியிடப்படும் முன் பங்காளியின் பார்வைக்கு வைக்கப்படும். பார்வைக்குத்தானே. பார்த்துவிட்டுப் போகட்டுமே. அப்படித்தான் நினைத்தாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்த வரியில் பேனா ஒரு கணம் நின்றது, பிறகு போனது. பார்வைக்கு என்றால் பார்ப்பதற்கு என்று நினைத்தவள், ஐம்பத்தொன்பது வயசு, ரசாயனத்தில் முப்பது வருஷம், எந்தத் துளி எதோடு சேர்ந்தால் எதுவாக மாறும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

ஒன்பதாம் கிணறு பேச்சித்தாய் வீட்டுக் கொல்லையில். ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் அந்த ஒரே தெருவில்தான், தெருமுனையில் கம்பெனிச் சுவர், சுவருக்கு மேலே கண்ணாடித் துண்டு. பேச்சித்தாய் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், மடியிலிருந்த முறத்தை இறக்கிவைத்துவிட்டு எழுந்து வந்து, ஏ தாயி, வெயில்ல வந்திருக்கிய, ஒரு வாய் டீத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்றாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் டீ போட்டாள். நன்றாக இருந்தது. கசப்போ நாற்றமோ ஒன்றும் இல்லை, தெளிவான தண்ணீர், குரோமியத்துக்கு நாக்கில் ஒரு ருசியும் கிடையாது என்று வகுப்பில் சொல்லுகிறவள் அதை மடக் மடக்கென்று குடித்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு பேச்சித்தாய் கேட்டாள், எங்க தண்ணி நல்லாத்தான டீச்சர் இருக்கு? மருமவளுக்கு வயித்துல ரெண்டு தடவ நிக்காமப் போயிட்டு, எல்லாரும் ஒண்ணொண்ணு சொல்லுதாவ. குழல்வாய்மொழி சொன்னாள்: சோதனை முடியட்டும்மா, முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன். நானே வந்து. எத்தனை வருஷம்? பாட்டில் எடுத்தது சித்திரையில், அந்த ஆனி மாதமே எண்கள் வந்துவிட்டன, அதற்கப்புறம் மறுபடி எடுத்தார்கள், தையில் ஒரு தடவை, அடுத்த கோடையில் ஒரு தடவை. எண்கள் மாறவில்லை. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், ஒன்பதில் சைபர் புள்ளி நான்கு ஒன்று, பதினொன்றில் ஒன்று புள்ளி இரண்டு. குடிக்கிற தண்ணீருக்கு சைபர் புள்ளி சைபர் ஐந்துக்கு மேல் கூடாது. எண்கள் முதலில் வந்த அன்று ராத்திரியே ஜெபக்கனி அழுதாள் என்று யாரோ சொன்னார்கள். குழல்வாய்மொழி என்ன செய்தாள்? கட்டுரையாக வரட்டும், ஆய்வேட்டில் ஏறட்டும், அச்சில் வந்தால் யாரும் மறுக்க முடியாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வெறும் வாயால் சொன்னால் ஊரில் கலவரம் ஆகும், ஆதாரம் கையில் இருக்கட்டும். நியாயம்தான். நியாயம் மாதிரி இருந்தது. நாலு வருஷம். ஒரு நாளைக்கு இரண்டு குடம் என்றால், வேண்டாம், அதைப் பெருக்க வேண்டாம். மனசு அதையே பெருக்கப் போய்ப் போய் நின்றது.

இந்தப் பெண் இப்படிச் செய்துவிட்டாளே. சிவப்புப் புள்ளி மண் மாதிரிகளின் மேல் அமைதியாக நகர்ந்தது, குரலில் நடுக்கம் இல்லை, கழுத்தில் புதுச் செயின்கூட இருந்தது, நீலோற்பலாவிலேயே வேலை கொடுக்கிறோம் என்றிருப்பார்கள், சரி என்றிருப்பாள், அவளைச் சொல்லி என்ன, அம்மா முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து அழைப்பிதழால் விசிறிக்கொண்டு ஒரு வார்த்தையும் புரியாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் என்னிடம் மறைத்தாளே. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மறைத்தாளே. அறுவை முடிந்த மூன்றாம் நாள், கண்ணில் கவசம், மற்ற கண்ணிலும் நீர், திருத்தப் பட்டியலை ஜெபக்கனிதான் வாசித்தாள், முப்பத்தாறாம் பக்கம் எழுத்துப்பிழை மேடம், ஐம்பதில் படத்தின் எண் மேடம், மேற்கோள் பட்டியலில் வருஷம் விட்டுப்போச்சு மேடம். சரி, சரி, சரி. எங்கேம்மா கையெழுத்துப் போடணும்? விரலைப் பிடித்துக் காகிதத்தின்மேல் வைத்தாள். அதனால்தான் கையெழுத்து கோணல். பிடித்த அந்தப் பெண்ணின் விரல் சில்லென்று இருந்தது. ஏன் சில்லென்று இருந்தது? வெளியே வெயில். மருந்து போட வேண்டிய நேரம், தங்கை சமையலறையில் எதையோ உருட்டினாள், அதற்கு நடுவில், இல்லை, அதற்கு நடுவில் வேறு ஒன்று இருந்தது. ஜெபக்கனி வாசிப்பதை நிறுத்தினாள். ரொம்ப நேரம் நிறுத்தினாள். என்னம்மா என்று கேட்டாள் இவள். அந்தப் பெண் என்ன சொன்னாள்? ஏதோ சொன்னாள். குழல்வாய்மொழி மேடையில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள், இருட்டில்தானே கேட்டது, இருட்டில்தான் திரும்பக் கிடைக்கும் போல. டீன் சார். ஆமாம், டீன் சார் என்றுதான் ஆரம்பித்தாள். டீன் சார் நாலாவது அத்தியாயத்துல ஒரு மாத்தம் சொல்லியிருக்காங்க மேடம், உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க.

தெரியும், தெரியும் என்று இவள் சொன்னாள். இரண்டு தடவை. அளவுகளின் அலகை மாற்றும்படி டீன் முன்பே சொன்னதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கண் எரிச்சலில், சீக்கிரம் முடித்தால் போதும் என்று, தெரியும் தெரியும், எங்கேம்மா கையெழுத்துப் போடணும். ஜெபக்கனி அதற்கப்புறமும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு தடவை கேட்பாள், அல்லது இவளாவது கேட்பாள் என்று காத்திருந்திருக்கிறாள். மேடம், நிஜமாவே தெரியுமா என்று ஒரு மாணவி எப்படிக் கேட்பாள்? கேட்க முடியாதபடிதான் ஆறு வருஷம் வளர்த்திருக்கிறாள். கண்ணைத் திறந்தபோது அரங்கத்து வெளிச்சம் பளீரென்று அறைந்தது. இவ்வளவு நேரம் நெஞ்சுக்குள் யார் யாரையோ நிறுத்திவைத்து ஏசிக்கொண்டிருந்தவள், அங்கே கடைசியில் தன்னைத் தவிர யாரும் நிற்கவில்லை என்று பார்த்தாள்.

கைத்தட்டல் கேட்டது. ஜெபக்கனி நன்றி ஸ்லைடைப் போட்டுவிட்டாள். அதிலும் நீலப் பூ. "மேடம், கேள்விகளுக்குப் போலாமா?" என்று செண்பகராமன் குனிந்து சொன்னார். "சாப்பாடு ஆறிடும்." கூட்டத்தில் யாரோ ஒரு ஆய்வு மாணவர் எழுந்து மண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார், ஜெபக்கனி சொன்னாள், கேட்டவர் திருப்தி என்று உட்கார்ந்தார், நைனா முகமது பென்சிலால் கேள்வியையும் பதிலையும் எழுதிக்கொண்டார். விதி அது. வாய்மொழித் தேர்வில் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும், சொல்கிற ஒவ்வொரு பதிலும், கேட்டவர் பெயரோடு அறிக்கையில் இணைய வேண்டும். முப்பது தேர்வாவது நடத்தியிருப்பாள், அந்தத் தாளை யாரும் படித்து அவள் பார்த்ததில்லை. ஆனால் இணைக்காமல் விட்டதும் இல்லை. கேட்கலாம். கேட்டால் என்ன ஆகும், எட்டு மாதத்தில் ஓய்வு, ஓய்வூதியக் கோப்பு இதே செண்பகராமன் மேஜை வழியாகத்தான் போகிறது, அந்தப் பெண்ணின் பட்டம், அவள் அம்மா கையில் விசிறியாகிற அழைப்பிதழ். கேட்காவிட்டால்? கேட்காவிட்டால் இன்னும் ஒரு கையெழுத்து, இந்தத் தடவை கண் திறந்து. மைக்கை இழுத்தபோது அது கீச்சென்று கத்தியது.

"ஜெபக்கனி, இருபத்து மூணாவது ஸ்லைடுக்குப் போம்மா."

போனாள். எட்டு வரி.

"ஒன்பது, பத்து, பதினொண்ணு எங்க?"

ஜெபக்கனி திரையைப் பார்த்தாள், திரும்பி அவளைப் பார்த்தாள். முகத்தில் குற்றம் செய்தவளின் பயம் இல்லை, அதுதான் குழல்வாய்மொழியால் தாங்க முடியாததாக இருந்தது. வெறும் குழப்பம் இருந்தது. "மேடம்," என்றாள், "உங்களுக்குத் தெரியும்னு நீங்கதான சொன்னீங்க?"

யாரோ இருமினார்கள். முதல் வரிசையில் கால்மேல் கால் இறங்கியது.

"மேடம்," செண்பகராமன் தன் மைக்கை மூடிக்கொண்டார், "அது ஒப்பந்தப்படி எடுத்தது. நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். அதை இங்க பேச வேண்டாம்."

"நான் போட்டதுதான் சார்," என்றாள் குழல்வாய்மொழி. தன் மைக்கை அவள் மூடவில்லை. "ஜெபக்கனி, நான் சொன்னேன். தெரியாமலே தெரியும்னு சொன்னேன். தப்பு என்னோடது. இப்ப கேக்குறேன், அந்த மூணு கிணத்தோட அளவு என்ன? ஞாபகம் இருக்கா?"

"இந்தக் கேள்வி ஆய்வேட்டுக்கு வெளியில இருக்கு," என்றார் செண்பகராமன், இப்போது சத்தமாக. "இதைப் பதிவு செய்ய வேண்டாம்."

நைனா முகமது பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேள்வி கேட்டாச்சு டீன் சார்," என்றார் மெதுவாக. "பதில் என்னன்னு நானும் தெரிஞ்சுக்கணும். நான்தானே தேர்வாளர். சொல்லும்மா."

ஜெபக்கனியின் கையிலிருந்த ஒளிப்புள்ளி திரையை விட்டு இறங்கி, தரையில் அணைந்தது. அம்மா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பார்த்து வாசிப்பது போல, ஒரு காகிதமும் இல்லாமல், சொன்னாள். "ஒன்பது, சைபர் புள்ளி நாலு ஒண்ணு. பத்து, சைபர் புள்ளி ஆறு மூணு. பதினொண்ணு, ஒண்ணு புள்ளி ரெண்டு. மூணு தடவையும் எடுத்த சராசரி சார். மழைக்கு முன்னாடி, மழைக்குப் பின்னாடி, அடுத்த கோடையில." நிறுத்திவிட்டு, "பெரும்பாலும் அவ்வளவுதான்" என்றாள்.

வெளிர்நீலச் சட்டைக்காரர் எழுந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும் கதவு, சாத்துகிற வரைக்கும் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செண்பகராமன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து துணைவேந்தரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டுக் கதவால் இறங்கினார். நைனா முகமது எழுதி முடித்துவிட்டு நீல ஆய்வேட்டை மூடித் தள்ளிவைத்தார்.

"இதுல நான் இன்னிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார். "ஃபெயிலுன்னும் எழுத மாட்டேன். பதினொரு கிணத்தோட திருப்பிக் கொண்டு வாம்மா, நானே மறுபடி ரயிலேறி வர்றேன்." ஜெபக்கனி தலையாட்டினாள். அழவில்லை. அவள் அம்மா என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்பது மேடை வரைக்கும் கேட்டது. முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், பின்வரிசையில் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. நைனா முகமது மட்டும் பென்சிலைக் கீழே வைக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், கணக்கில் ஒரு படி விட்டுப்போனவர் மாதிரி.

"இன்னும் ஒண்ணு," என்றார். "இந்த மூணு கிணத்துத் தண்ணியை யாராவது குடிக்கிறாங்களா?"

"குடிக்கிறாங்க சார்," என்றாள் ஜெபக்கனி. "அந்தத் தெருவுல முப்பது வீடு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

ஜெபக்கனி திரும்பிக் குழல்வாய்மொழியைப் பார்த்தாள். குழல்வாய்மொழிக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் உடனே புரிந்தது. பேச்சித்தாயிடம் வாக்குக் கொடுத்தபடி நீங்கள் போய்ச் சொல்லியிருப்பீர்கள் என்று இந்தப் பெண் நாலு வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். உட்கார்ந்திருந்த நாற்காலி திடீரென்று ரொம்ப உயரத்தில் இருப்பது போல இருந்தது. இறங்க வேண்டும், பஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரம், இப்போதே கிளம்ப வேண்டும், அதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும்.

"தெரியாது சார்," என்றாள். "எழுதிக்குங்க. ஆனா அந்தப் பொண்ணு சொன்ன பதிலா எழுதாதீங்க. நாலு வருஷமா எனக்குத் தெரியும், நான் சொல்லலைன்னு என் பேர் போட்டு எழுதுங்க."

நைனா முகமது அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புது வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டார். "முழுப் பேர் சொல்லுங்க."

சொன்னாள். எழுந்து அவர் எழுதுவதைக் குனிந்து பார்த்தாள். "ரெண்டு எடத்துலயும் சிறப்பு ழ சார்," என்றாள். அவர் பென்சிலைத் திருப்பி ரப்பரால் அழித்துவிட்டுச் சரியாக எழுதுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.